பெரியவர் இருமினால்

பெரியவரின் மூக்குக்குள் வெந்நீர் போய்விட்டது.

மூக்கோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் புகுந்த தண்ணீர் மீசையைக் கடந்து, சட்டையின் இரண்டாவது பொத்தானை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பல்லு சார் பதறிப்போய் ஃப்ரேமைத் தலைகீழாகத் திருப்பினார். தண்ணீர் திரும்பி நெற்றிக்கு ஏறியது.

பல் செட் கட்டுவது அவர் தொழில். குடியிருப்பில் வீடுகள் முப்பத்திரண்டு. வீடும் முப்பத்திரண்டு, பல்லும் முப்பத்திரண்டு, இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று சொல்லித்தான் போன மாதம் அவரைச் சங்கத்துச் செயலாளர் ஆக்கினார்கள். மற்ற முப்பத்தொரு வீட்டிலும் அந்த வேலைக்கு யாரும் சம்மதிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. கடைத்தெருவில் அவர் வேலை செய்யும் அறையை இந்த மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள். வேறு இடம் தேடித் தேடிச் செருப்புதான் தேய்ந்தது. வீட்டு முன்னறையில் மேஜையைப் போட்டுக்கொண்டால் பிழைப்பு ஓடும். ஆனால் குடியிருப்பில் யாரும் வீட்டில் தொழில் செய்யக் கூடாது, செய்வதென்றால் பொதுக்கூட்டம் சம்மதிக்க வேண்டும். பொதுக்கூட்டம் நாளைக் காலை பத்து மணிக்கு. வாய்க்கு அச்சு கொடுத்துவிட்டுப் பதினொரு பேர் பல்லுக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். தீர்மானம் தோற்றால் அந்தப் பதினொரு அச்சுகளோடு அவர் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

தீர்மானம் ஜெயிக்கிறதா தோற்கிறதா என்பதைக் கை தூக்கி முடிவு செய்யும் அற்ப வழக்கம் அந்தக் குடியிருப்பில் இல்லை. செயலாளர் தீர்மானத்தைப் பெரியவர் படத்தைப் பார்த்து வாசிப்பார். எல்லோரும் நின்றபடி மூன்று முறை மூச்சை இழுத்து விடுவார்கள். அதற்குள் யாரும் இருமாவிட்டால் தீர்மானம் நிறைவேறியது. யாராவது இருமினால், அது பெரியவர் இருமியது. தீர்மானம் அதோடு சரி.

இந்தக் குடியிருப்பை உண்டாக்கிய பெரியவர், முதல் கூட்டத்தில் யாரோ எதையோ கேட்டபோது இருமினாராம். கேட்டவர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். அன்றிலிருந்து நாற்பது வருஷமாக இதே நடைமுறை. சளி பிடித்தவர்களைக் கூட்டத்துக்குள் விடுவதில்லை. போன வருஷம் உடைந்த சாக்கடை மூடியை மாற்றலாம் என்ற தீர்மானத்தின்போது பதினேழாம் நம்பர் வீட்டுக் கைக்குழந்தை இருமிவிட்டது. பள்ளத்தில் ஒரு மரக்கிளையைச் செருகி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் இருக்கிறது. இதுவரை நாலு பேர் விழுந்தாயிற்று.

பெரியவர் தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று கூட்டத்தன்று படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் வெந்நீர் வைக்க வேண்டும். முந்தின நாள் படத்தைத் துடைக்கும்போதும் வைக்க வேண்டும். அந்த டம்ளரில்தான் பல்லு சாரின் முழங்கை பட்டது.

அவர் ஃப்ரேமைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

"என்னங்க அது?" என்றாள் மனைவி.

"பெரியவர். நனைஞ்சுட்டார்."

மனைவி படத்தை வெளியே உருவிப் பார்த்தாள். முகம் ஊறி, அப்பளம்போல் ஆங்காங்கே எழும்பியிருந்தது. இடது காது மட்டும் எப்போதும்போல் மேலே மடங்கி நின்றது. பிறவியிலேயே மடங்கிய காது. பெரிய அறிவாளிகளுக்குத்தான் அப்படி இருக்கும் என்பது மூணாம் நம்பர் அத்தையின் கருத்து. பெரியவரை நேரில் பார்த்தவர் இன்று குடியிருப்பில் அந்த அத்தை ஒருவர்தான். அப்படி அவரே சொல்லிக்கொள்வார்.

"இதுக்கா இப்படி வேர்த்து வழியறீங்க? மேல ஒரு துணிய போட்டு இஸ்திரி வச்சா சுருக்கம் தானா போயிடும்."

"போட்டோவுக்கு இஸ்திரியா?"

"சட்டைக்கு வச்சா போகுதில்ல?"

 மனைவி ஒரு தலையணை உறையை மேலே விரித்து, மிதமான சூட்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். உறையை எடுத்தபோது சுருக்கம் போயிருந்தது. கூடவே பெரியவரின் வாயும் அரை மீசையும் போயிருந்தன. இரண்டும் தலையணை உறையில் பத்திரமாக இருந்தன.

மனைவி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உறைய தொவச்சா போயிடும்," என்றாள் மனைவி.

"நான் உறையைப் பத்தியா கவலைப்படறேன்?"

"அப்ப வரைஞ்சுடுங்க. வாய் விஷயம்தானே. உங்க தொழில்தானே அது."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். பல்லு சாருக்கு அது யோசனையாகப் பட்டது. மெல்லிய தூரிகையும் ஈறு நிறமும் பல் நிறமும் கைவசம் இருந்தன. மீசையை நாலு கோட்டில் முடித்தார். உதடு வந்தபோதுதான் வம்பு. இருபத்தாறு வருஷமாக அவர் மூடிய வாயைப் பார்த்ததே இல்லை. எல்லோரும் அவர் முன்னால் திறந்துதான் பழக்கம். உதட்டைத் திறந்து வைத்தார். திறந்த வாய் காலியாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு பல் வைத்தார். பக்கத்தில் ஒன்று இல்லாமல் அது தனியாக நிற்கக் கூடாதே என்று இன்னொன்று. முக்கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது, நாற்பது வருஷமாக உம்மென்று இருந்த பெரியவர் கடைவாய்ப்பல் வரை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வரிசை நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா நாளைக்கு இவரப் பார்த்தா மூணாம் நம்பர் அத்தைக்கு நெஞ்சு வலி வந்துடும்."

ஃப்ரேமின் முதுகில், பூச்சி தின்றது போக மிச்சமாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஃப்ரேம் செய்த கடையின் விலாசம். நாற்பது வருஷத்தில் கடை இருக்குமோ இல்லையோ என்று பஸ் ஏறிப் போனார். கடை இருந்தது. கல்லாவில் இருந்த பெண் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருங்க இது, இவ்ளோ பல்லு?"

"மரியாதையா பேசுங்கம்மா. எங்க குடியிருப்பை உண்டாக்கினவர். படத்தைப் பழையபடி ஆக்கணும். கண்ணாடியும் மாத்தணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள வேணும்."

அவள் படத்தை ஓரமாக வைத்துவிட்டு ஃப்ரேமைத் தட்டிப் பார்த்தாள். "படம் போனா போவுது சார். ஃப்ரேம் அசல் தேக்கு. இந்தக் காலத்துல கிடைக்காது."

"எனக்குப் படம்தாம்மா முக்கியம்."

"சரி சார், வச்சுட்டுப் போங்க. மாமா சாயங்காலம் வருவார். இது அவர் கையால செஞ்ச ஃப்ரேம். பார்த்தா விடமாட்டார். காலைல நேர்ல கொண்டுவந்து அவரே மாட்டிக் கொடுத்துடுவார்."

மாமனார் பேரில் அந்தப் பெண்ணுக்கு இருந்த நம்பிக்கை பல்லு சாருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் திரும்பும்போது அது பாதியில் இறங்கிவிட்டது. ஏனென்றால் சங்கத் தலைவர் போன் செய்தார்.

தலைவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில்கூட விசில் அடிப்பது மாதிரிதான் பேசுவார்.

"செயலாளரே, படத்தைத் துடைச்சாச்சா?"

"ஆச்சு சார்."

"வலமிருந்து இடமா?"

"எல்லாப் பக்கமும் ஆச்சு சார்."

"நாளைக்கு ஒம்பதே முக்காலுக்கு நானும் மூணாம் நம்பர் அக்காவும் வந்து ஒருதரம் பார்த்துடறோம். உங்க தீர்மானம் வேற இருக்கு. பெரியவர் குளிர்ந்து இருக்கணும்."

பெரியவர் ஏற்கெனவே நன்றாகக் குளிர்ந்துவிட்டார் என்று சொல்ல பல்லு சாருக்கு நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் ஒன்பதரை வரைக்கும் ஃப்ரேம்காரர் வரவில்லை. சங்கக் கூடத்துச் சுவரில் ஆணி மொட்டையாக நின்றது. அதைச் சுற்றி நாற்பது வருஷத்து வெள்ளைச் சதுரம் வேறு, இங்கே ஒருவர் இருந்தார் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது. பல்லு சார் வீட்டுக்கு ஓடினார். வீட்டுச் சுவரில் அவருடைய மாமனார் படம் தொங்கியது. கிட்டத்தட்ட அதே அளவு.

"ஒரு மணி நேரத்துக்கு உங்கப்பாவை இரவல் கொடு," என்றார்.

"எங்கப்பா இருந்தப்ப அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்திருப்பீங்களா நீங்க? இப்ப மட்டும் அவர் வேணுமாக்கும்."

"முன்னறை வேணும். அதுக்காகத்தான்."

மனைவி படத்தைக் கழற்றித் தந்தாள். தருமுன் தன் கையாலேயே துடைத்தாள். "பார்த்துக் கொண்டுபோங்க. அவருக்கும் மேல தண்ணிய ஊத்திடாதீங்க."

மாமனாருக்கு மீசை கிடையாது. தலையில் முடியும் கிடையாது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், காதுகள் இரண்டும் நேராக இருந்தன. ஒருவேளை யாரும் கிட்டே போய்ப் பார்க்காமல் இருந்தால் பிழைக்கலாம் என்ற ஒரே நம்பிக்கையில் அவரை மாட்டிவிட்டு, வெந்நீரை நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு நின்றபோது, டிரில் மாஸ்டரும் மூணாம் நம்பர் அத்தையும் உள்ளே வந்தார்கள்.

இருவரும் படத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பல்லு சார் டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"துடைச்சது தெரியுது," என்றார் டிரில் மாஸ்டர்.

அத்தை கண்ணை இடுக்கிக்கொண்டார். "இன்னிக்கு அவர் முகத்துல என்ன ஒரு களை. நான் கல்யாணமாகி வந்த புதுசுல நேர்ல பார்த்தப்பவும் இதே மாதிரிதான் சிரிச்சார். அந்த மீசையும் அந்தக் காதும், வேற யாருக்கு வரும்."

பல்லு சார் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அங்கே மாமனார்தான் இருந்தார்.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்தது. மனைவி கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு வீட்டாரும் எழுந்து தன் அப்பாவுக்கு முன்னால் தலை குனிந்து நின்றதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் கணவன் செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டாள்.

பல்லு சார் காகிதத்தைப் பிரித்து, மாமனாரைப் பார்த்து வாசித்தார். மாமனாரிடம் அவர் எதையாவது கேட்பது அதுதான் முதல் தடவை.

"இருபத்தொன்பதாம் நம்பர் வீட்டு முன்னறையில், சத்தம் புகை எதுவும் இல்லாமல், பல் செட் கட்டும் தொழிலைச் செய்துகொள்ள இக்கூட்டம் அனுமதிக்கிறது."

முதல் மூச்சு. கூடம் முழுக்க வாயை இறுக மூடியிருந்தது.

இரண்டாவது மூச்சு. பதினேழாம் நம்பர்காரி குழந்தையின் வாயருகே கையைக் கொண்டுபோய்த் தயாராக வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது மூச்சு பாதி வெளியே வந்துவிட்டது. பல்லு சார் தன் மேஜையை முன்னறை ஜன்னலோரம் போட்டுக்கூட முடித்துவிட்டார், மனதுக்குள்.

"கொஹ், கொஹ், கொஹ்."

வாசலில் ஒரு கிழவர். எழுபத்தைந்து வயதிருக்கும். கக்கத்தில் துணி சுற்றிய ஒரு பெரிய பொட்டலம். சொந்த வீட்டில் நிற்பதுபோல் சாவகாசமாக இன்னொரு தடவை இருமினார்.

"தீர்மானம் தோற்றது," என்றார் டிரில் மாஸ்டர். "எல்லாரும் உட்காரலாம்."

"எப்படி சார்?" பல்லு சாருக்குக் குரல் கீச்சென்று வந்தது. "இருமினவர் மெம்பரே இல்ல. வெளியாள். ஃப்ரேம் கடைக்காரர்."

"பெரியவர் யார் தொண்டையில வேணா வருவார்ப்பா," என்றார் அத்தை. "குழந்தை தொண்டையில வரலையா?"

கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. "மன்னிச்சுக்கணும். செட்டு லூசு. வழுக்கி வழுக்கித் தொண்டைக்குப் போகுது, அதான் இருமல். இந்த வாசல்ல ஒரு பள்ளத்துல கிளைய வேற நட்டு வச்சிருக்கீங்க. அதுல காலு மாட்டி, செட்டு பாதி உள்ளயே போயிடுச்சு."

பல்லு சார் வழக்கம்போல் வாயைத்தான் பார்த்தார். மேல் செட், பழைய வேலை. அச்சே சரியாக எடுக்கவில்லை. அவ்வளவு ஆத்திரத்திலும் அவர் கை பரபரத்தது.

"அப்புறம் இன்னொண்ணு," என்றார் கிழவர். "என் கடைக்கு வந்த படத்துல பல்லு வரைஞ்சிருந்ததே, அது யாரு வேலை? விடிய விடியப் பார்த்துட்டே இருந்தேன். எனக்கு அதே மாதிரி ஒரு செட்டு வேணும்."

"எந்தப் படம்?" என்றார் டிரில் மாஸ்டர். "நம்ம படம்தான் சுவத்துல இருக்கே. உங்க கடைக்கு எப்படி வந்துச்சு?"

கூடமே பல்லு சாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் வெந்நீர் டம்ளரைப் பார்த்தார். எடுத்துக் குடித்துவிடலாமா என்றிருந்தது.

கடைசி வரிசையிலிருந்து மனைவி எழுந்தாள்.

"சுவத்துல இருக்கிறது எங்கப்பா."

"என்னம்மா சொல்றே?"

"எங்கப்பாதான். பெரியவர் நனைஞ்சு ரிப்பேருக்குப் போயிருக்கார். எங்கப்பா ஆயுசுல யார் கேட்டதுக்கும் இல்லைனு இருமினதில்ல. அவரை முன்னால வச்சுக்கிட்டுத் தீர்மானம் தோத்துச்சுனா நான் ஒத்துக்க மாட்டேன்."

முப்பத்திரண்டு வீட்டாரும் முதல் தடவையாகப் படத்துக்குக் கிட்டே போனார்கள். வழுக்கைத் தலையையும் கறுப்புக் கண்ணாடியையும் பார்த்தார்கள். பிறகு ஒட்டுமொத்தமாக அத்தையைப் பார்த்தார்கள்.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்," என்றார் அத்தை. "நாப்பது வருஷமா கும்பிட்ட முகம், எனக்குத் தெரியாதா? அந்த முகத்தைக் கூட்டத்துல ஆயிரம் பேர் நடுவுல நிறுத்தினாலும் காட்டுவேன்." சொல்லும்போது அவர் ஃப்ரேம் கடைக் கிழவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வழியில நிக்காதீங்க."

கிழவர் மரியாதையாக ஒதுங்கி, மடங்கிய இடது காதைச் சொறிந்துகொண்டார்.

டிரில் மாஸ்டர் விசில் அடிக்காத குறையாகக் கத்தினார். "எல்லாரும் அமைதி. அசல் பெரியவர் வந்தாச்சு. அவரை மாட்டி, மறுபடி வாசிச்சு, மறுபடி மூணு மூச்சு விடுவோம். செயலாளர் பதவியைப் பத்தி அதுக்கப்புறம் பேசிக்கலாம். பிரிங்க பெரியவரே, சீக்கிரம்."

கிழவர் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துத் துணியை விலக்கினார். தேக்கு ஃப்ரேம் பளபளத்தது. கண்ணாடி புதுசு. நாற்பது வருஷப் பழக்கம் கேட்குமா? ஃப்ரேம் தெரிந்ததும் கூடம் மொத்தமும் தானாக எழுந்து, தலை குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பல்லு சார் ஒருவர்தான் நிமிர்ந்து பார்த்தார். உள்ளே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு, யாரையோ பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள்.

பல்லு சார் சிறுமியைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். முதல் தடவையாக வாயை விட்டுவிட்டுக் காதைப் பார்த்தார். 

நிற்கும் கூட்டத்தைக் கண்டு கிழவர்தான் சங்கடப்பட்டார்.

"எதுக்கு எல்லாரும் நிக்கிறீங்க, உக்காருங்க. இது என் பேத்தி. ஃப்ரேம் காலியா இருந்தா எடுப்பா இருக்காதுனு மாதிரிக்கு ஒண்ணை வச்சுக் கொடுக்கிறது எங்க கடை வழக்கம், அன்னிக்கு என் படத்தை வச்சேன், அது வீணாப்போனதால இப்ப இவ படத்தை வச்சேன். ஆமா, நாப்பது வருஷமாச்சே, உங்க பெரியவர் படத்தை நீங்க இன்னும் கொண்டுவந்து உள்ள வைக்கவே இல்லையா?"